இறக்கத்தில்தான் எண்ணெய் வேண்டும்

கண்ணு,

இதை நீ படிக்கிறாய் என்றால் வண்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். பதறாதே. வண்டி நின்றால் காரணத்தை யோசிப்பதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றுவது உன் பழக்கம். அதற்காக டூல்ஸ் பெட்டியைத் திறந்திருப்பாய், உர மூட்டையின் உள்பையில் சுற்றி வைத்த இந்தக் காகிதம் கையில் சிக்கியிருக்கும். பிளக் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே. கார்புரேட்டரையும் தொடாதே. நீயும் நானும் சேர்ந்து கட்டிய இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும், கடைசியில் சொல்கிறேன். ஆடி மாதம், தூறல் போட்டாலும் போடும். ஏதாவது கடை ஓரமாக ஒதுங்கி நின்று முழுக்கப் படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. நீ புரட்டுவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எப்போது சொல்வது? நான் வாயைத் திறந்தால் "அப்பறம் பேசிக்கலாம்மா" என்று எழுந்து போய்விடுகிறாய். நாளைக்குக் காலையில் கோயமுத்தூருக்குப் பம்பு கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறாய். இப்போது முடி வெட்டப் போயிருக்கிறாய். உன் அப்பா பின்னால் மூட்டைகளை அடுக்குகிறார். நான் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த எமரால்டு ஊரின் கடைவீதியிலேயே இப்போது நிம்மதியாக உட்கார்ந்து எழுதக்கூடிய இடம் நம் உரக்கடைதான், யாரும் வரமாட்டார்கள்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து நம் ஊரில் எல்லோரும் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்கள். இலை விற்ற காசு பறிகூலிக்கே கட்டவில்லை என்று பறிப்பதை நிறுத்தினார்கள். பறிக்காத தோட்டத்துக்கு உரம் எதற்கு என்று நம் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, நம் வீட்டிலும் அதுதான் நடந்தது. உன் அப்பா முதலில் பேப்பரை நிறுத்தினார். பிறகு மொய் வைக்க வேண்டும் என்று கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். நம்முடைய துண்டுத் தோட்டத்தைக் கவாத்து செய்வதையும் நிறுத்தினார். இடுப்பு உயரம் நிற்க வேண்டிய தேயிலைச் செடி என் தலைக்கு மேலே வளர்ந்து நின்றது. நானும் சளைத்தவள் இல்லை, வெலிங்டனில் இருக்கும் என் அக்காவைப் போய்ப் பார்ப்பதை நிறுத்தினேன். மிச்சம் பிடிக்கிறோம் என்று பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வண்டி கெட்டது. நீ அப்போது தேயிலை பாக்டரியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாய், அன்றைக்கு நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது. காரமடையில் ஒரு கல்யாணம், என் சித்தி மகளுடையது. இதற்குப் போகாவிட்டால் நான் தனியாகப் போய்விடுவேன் என்று மிரட்டி உன் அப்பாவைக் கிளப்பினேன். உன்னைவிட வயதில் மூத்த வண்டி, இரண்டு பக்கமும் சைலன்சர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் பைக். குன்னூர் தாண்டி இறக்கம் தொடங்கியதும் அவர் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டி "பொட் பொட்" என்று அடித்துக்கொண்டு இறங்கியது. "பாத்தியா புள்ள, சொட்டுப் பெட்ரோல் செலவில்லாம மேட்டுப்பாளையம் போயிரலாம்" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். பர்லியார் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். பின் சக்கரம் சட்டென்று பூட்டுப் போட்டதுபோல நின்றது. வண்டி ரோட்டில் இழுத்துக்கொண்டே போய்ச் சுவரோரம் சாய்ந்தது. எனக்கு முழங்கால் சிராய்ப்பு, பட்டுச்சேலை கிழிந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. எழுந்ததும் என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக மலையேறி வந்த லாரி ஒன்றில்தான் வீட்டுக்கு வந்தோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா பின்னால், முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவில், வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். அன்றைக்குச் சாக்குப் போட்டு மூடிய வண்டி கடைக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. செலவு வேண்டாம், விலை ஏறட்டும், பார்க்கலாம் என்றார். இந்த மலையில் அந்த வார்த்தையைச் சொல்லாதவர் யார்? விலை ஏறட்டும், பார்க்கலாம்.

அப்புறம் நீ வேலை பார்த்த பாக்டரியையும் பூட்டினார்கள். நீ வீட்டுக்கு வந்தாய். தை மாதம் நிச்சயமான உன் கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னாய். அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸில் மஞ்சுளா வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தவர் உன் அப்பா. நீ போகவில்லை. வீட்டில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. ஒரு நாள் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, "எந்திரி கண்ணு, இன்ஜினப் பிரிக்கலாம்" என்றேன். நீ சிரித்தாய். "உங்களுக்கு என்னம்மா தெரியும்" என்றாய். அருவங்காட்டில் பிறந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? உன் தாத்தா அங்கே வெடிமருந்து பாக்டரியில் லேத் ஓட்டிய டர்னர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குவார்ட்டர்ஸ் வாசலில் ஏதாவது ஒன்றைப் பிரித்துப் போட்டுவிடுவார். பிரிப்பது அவர் வேலை, சேர்ப்பது எனக்கும் என் அக்காவுக்கும். எனக்குக் கோலத்தைவிட ஸ்பேனர் நன்றாக வரும். அது உனக்கே தெரியும், நீ பார்க்காத மாதிரி இருந்தாய்.

யூரியா மூட்டை இரண்டின் மேல் பலகை போட்டு இன்ஜினைத் தூக்கி வைத்தோம். ஞாபகம் இருக்கிறதா, பிஸ்டன் சிலிண்டருக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. உன் அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏனுங், அதை வெச்சுட்டுப் போய்க் கடையப் பாருங்" என்றேன். "எந்தக் கடைய? யாரு வர்றா?" என்றார். சுத்தியலைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். சிலிண்டருக்குள் டீசலை ஊற்றிவிட்டு, ஊறட்டும் என்று விட்டோம். தினமும் காலையில் நீ மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டிப் பார்ப்பாய், அசையாது. உனக்குப் பொறுமை போகும், டீசலை மாற்றி ஊற்றுவோம். ஒரு நாள் சோறு தின்றுகொண்டிருந்தபோது எழுந்து போய் விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினாய், 'டொக்' என்று இறங்கியது. எச்சில் கையோடு நீ கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்தார். தேயிலை விலை விழுந்த பிறகு உன் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அது.

இப்போது சொல்லப்போவதை நன்றாகப் படி. பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஓரமெல்லாம் ஆணியால் கீறியதுபோலக் கோடு. அப்பாவைக் கூப்பிட்டாய்.

"அன்னிக்குக் கீழ எறங்கும்போது கியர்ல வந்தீங்களாப்பா, நியூட்ரல்லயா?"

"கியர்லதான். பிரேக்க நம்பி அந்த வளைவுல எறங்க முடியுமா?"

"ஆக்சிலேட்டரு?"

"மூடித்தான் வெச்சிருந்தேன். எறக்கத்துல எதுக்குடா பெட்ரோலு?"

நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "அந்தப் பெட்ரோல்லதானுங்ப்பா ஆயிலே இருக்குது. இந்த வண்டிக்குத் தனியா ஆயில் ஏது? ரெண்டையும் கலந்துதான ஊத்தறோம். பெட்ரோல மூடுனீங்க, ஆயிலும் நின்னு போச்சு. ஆனா சக்கரம் இன்ஜினப் புடிச்சு இழுத்துட்டே போகுது. உள்ள எண்ணெய் இல்லாம ஓடி ஓடிப் புடிச்சுக்கிச்சு. மேடு ஏறும்போது இது கெடாதுங்ப்பா. எறக்கத்துலதான் இதுக்கு எண்ணெய் வேணும். அப்பப்பக் கொஞ்சம் முறுக்கிக் குடுத்துட்டே எறங்கணும்."

உன் அப்பா பிஸ்டனைக் கையில் வாங்கி அந்தக் கோடுகளைத் தடவினார். பிறகு, "இத்தன நாளா மிச்சம் புடிக்கறேன்னு நெனச்சுட்டு இருந்தனே" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு வந்தார். கவாத்துக்கு ஆள் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தோட்டம் முழுக்க இல்லை, பாதிதான். மறு வாரம் என்னைப் பஸ்ஸில் ஏற்றி அக்கா வீட்டுக்கு அனுப்பினார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாயில் வராததைக் காரியத்தில் செய்கிற மனிதர். நீ பிஸ்டனைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தையை இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். சொன்ன நீ மட்டும் அதைப் பிஸ்டனோடு விட்டுவிட்டாய்.

அதன் பிறகு நடந்த வேலை எனக்கு ஒவ்வொன்றாக நினைவிருக்கிறது. இந்த வண்டியைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை, பிஸ்டனுக்கு எங்கே போவது? நீ கோயமுத்தூர் போய் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் ஒன்றைக் காகிதம்கூடப் பிரிக்காமல் கொண்டு வந்தாய். அதற்குத் தகுந்த மாதிரி லேத்தில் சிலிண்டரைக் கடைந்து வாங்கினோம். கீறல் விழுந்த இரும்பை எல்லாம் வழித்து எடுத்ததும் உள்ளே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பிஸ்டன் ரிங்கை மாட்டும்போது நீ அவசரப்பட்டு விரித்தாய், கையிலேயே ஒடிந்தது. ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டு, "இதுவும் என்ற ராசிதான்" என்று போய்ப் படுத்துக்கொண்டாய். ராசியாவது ஒன்றாவது, விரல் நகம்போல மெல்லிய ரிங்கை யானைச் சங்கிலி போலப் பிடித்து இழுத்தால் ஒடியாமல் என்ன செய்யும்? அடுத்த ரிங் வந்தபோது நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் என்று பிடித்து மாட்டினோம். உன் கைக்கும் என் கைக்கும் நடுவில் அது நழுவி உள்ளே உட்கார்ந்ததே, அந்தச் சுகம் எனக்கு இன்றும் விரலில் இருக்கிறது. பெற்ற பிள்ளையோடு இப்படி ஒரு வேலை செய்யக் கொடுத்து வைக்க வேண்டும் கண்ணு. நான் கொடுத்து வைத்தவள்.

முதல் தடவை கிளம்பிய நாளை எப்படி மறப்பது! உதைத்து உதைத்து உன் கால் ஓய்ந்தது, அப்பா உதைத்தார், கிளம்பவில்லை. "தள்ளுங்க ரெண்டு பேரும்" என்று சேலையைச் செருகிக்கொண்டு நான் ஒரு உதை விட்டேன். கிளம்பியது. நீங்கள் இருவரும் முன்னால் உதைத்துப் பதம் பண்ணி வைத்ததால்தான் கிளம்பியது என்று இன்றுவரை அவர் சொல்லித் திரிகிறார், திரியட்டும். இன்ஜின் அடியில் தங்கியிருந்த டீசலும் எண்ணெயும் சேர்ந்து நீலப் புகை கடை முழுக்க நிறைந்து வீதிக்குப் போனது. கடை தீப்பிடித்துவிட்டது என்று ஆட்கள் குடத்தோடு வந்தார்கள். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் நம் கடையில் கூட்டம்.

அந்தப் புகைக்கு நடுவில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மஞ்சுளா. ரிசீவரை உன் பக்கம் நீட்டினேன். கை முழுக்கக் கிரீஸ், முகம் முழுக்கச் சிரிப்போடு நின்ற நீ, யார் என்று தெரிந்ததும் அப்படியே மாறிப் போனாய். "இல்லேன்னு சொல்லிருங்கம்மா" என்றாய். வண்டி அந்தச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் எப்படி இல்லை என்று சொல்வது? அவள் காதில் விழாமலா இருக்கும்? "வேலையா இருக்கறான் அம்மிணி" என்றேன். "செரிங்க அத்த" என்று வைத்துவிட்டாள். எனக்கு உன்மேல் அன்றைக்கு வந்த கோபத்தை நான் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும். நீ பிஸ்டனில் கண்டுபிடித்த அதே காரியத்தைத்தான் அவளிடம் செய்கிறாய் என்று எனக்கு அந்தப் புகையில்தான் விளங்கியது. கல்யாணத்தைத் தள்ளி வைத்தாய், சரி. அதோடு பேச்சையும் மூடிவிட்டாய். ஆனால் நிச்சயம் செய்த பெண், சக்கரம் மாதிரி, அவள் பாட்டுக்கு உன்னோடு ஓடிக்கொண்டுதானே இருக்கிறாள்?

போன வாரம் கேஸ்கட் வாங்க ஊட்டிக்குப் போகிறேன் என்றேனே, போனது அருவங்காட்டுக்கு. மஞ்சுளாவின் அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார். அவள்தான் காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை, நேராகக் கேட்டேன். அவளும் நேராகத்தான் சொன்னாள். "காத்திருன்னு அவரு வாயால சொன்னா எத்தன வருசம்னாலும் இருப்பேனுங்க அத்த. இலை வெலை எப்ப ஏறும்னு யாருக்குத் தெரியும்? அதுக்காக நான் அழுவல. ஒண்ணுமே பேசாம இருக்கறாரே, நான் எதுக்குக் காத்திருக்கறேன்னே எனக்குத் தெரியலீங்களே." பிறகு வேறு ஒன்றும் சொன்னாள். ஆவணி பிறந்ததும் திருப்பூரிலிருந்து ஒரு வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் அப்பா வரச் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. பெண்ணைப் பெற்றவர் எவ்வளவு நாள் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்? இது எதுவும் உனக்குத் தெரியாது. போனை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

உன் மனது எனக்குத் தெரியும். வேலை இல்லாமல், கையில் ஒன்றும் இல்லாமல் எந்த முகத்தோடு பேசுவது என்று நினைக்கிறாய். நல்ல நிலைமைக்கு வந்து நிமிர்ந்து போய் நிற்கலாம் என்று இருக்கிறாய். மேடு ஏறும்போது யார்தான் பேச மாட்டார்கள் கண்ணு? அப்போது எண்ணெய் தானாகவே போகும். உன் அப்பாவும் நானும் கல்யாணம் முடித்து இந்த மலைக்கு வந்தபோது மேடா பள்ளமா என்றே தெரியாது, ஆனாலும் ஒரு நாள் பேசாமல் இருந்ததில்லை. பேசியதில் பாதி சண்டை, அது வேறு கதை. முழுக்க முறுக்கிக்கொண்டு இறங்கு என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே தாலி கட்டு என்றும் சொல்லவில்லை. இறக்கம் இறக்கம்தான், அது முடிகிற இடத்தில்தான் முடியும். அதுவரைக்கும் அப்பப்பக் கொஞ்சம் முறுக்கிக் கொடு என்கிறேன். நீ சொன்னதைத்தான் உனக்கே திருப்பிச் சொல்கிறேன். அம்மா சொன்னால் கேட்க மாட்டாய், நீ சொன்னதையாவது கேள்.

இப்போது வண்டி ஏன் நின்றது என்று சொல்கிறேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டது. "பெட்ரோல் ஊத்திட்டேன்" என்று சொல்லப்போகிறேன். ஊற்றத்தான் போகிறேன், எவ்வளவு என்று நீ கேட்டால்தானே? போகிற அன்றைக்குக்கூட நீ டேங்க் மூடியைத் திறந்து பார்க்க மாட்டாய், உன் அப்பாவின் பிள்ளை. ரிசர்வைத் திருப்பிப் பார்த்திருப்பாய். அதையும் நான் முன்பே திருப்பி வைத்திருப்பேன். எமரால்டிலிருந்து ஊட்டி வந்து, கேத்தி பிரிவு தாண்டும் அளவுக்குக் கணக்காக ஊற்றுகிறேன். உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "புள்ளைய நடு ரோட்டுல நிறுத்தறது நாயமா?" என்கிறார். "பர்லியாருக்குக் கீழ என்னைய நீங்க நிறுத்துனது நாயமா?" என்றேன், மூட்டை அடுக்கப் போய்விட்டார். நீ நின்ற இடத்திலிருந்து அருவங்காடு வரைக்கும் இறக்கம்தான். நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டே போய்விடலாம், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு கேன் நிறைய மஞ்சுளா வீட்டில் இருக்கிறது. கோயமுத்தூர் வரைக்கும் தாராளமாக வரும். நானே அளந்து கலந்து, பஸ்ஸில் கொண்டுபோனால் கண்டக்டர் இறக்கிவிடுவார் என்று நேற்று காய்கறி வேனில் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். "வராமயே போயிட்டா என்னங்க அத்த பண்றது?" என்று கேட்டாள். "வண்டிய நான் பாத்துக்கறேன் அம்மிணி, மத்தத நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க" என்றேன். உன்னைக் கட்டி இழுக்க என்னால் முடியாது. பங்க் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், அங்கே ஆயிலும் விற்பார்கள். வேண்டுமென்றால் தள்ளிக்கொண்டு அங்கேயே போகலாம். ஆனால் அதற்கும் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் கேனைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஏதாவது கேட்பாள். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல், அது போதும். குன்னூர் இறக்கத்தில் கை ஆக்சிலேட்டரிலேயே இருக்கட்டும். மேட்டுப்பாளையம் சேர்ந்ததும் கடைக்கு ஒரு போன் போடு. வண்டி எப்படி ஓடுகிறது என்று நான் கேட்க மாட்டேன். அது ஓடும், நாம் கட்டியது. மஞ்சுளா என்ன சொன்னாள் என்று மட்டும் சொல்.

கடிதத்தை மடித்து உள்ளே வை. காகிதம் நனைந்துவிடும், போ.

அம்மா